ஒடாலிஸின் இடது கை

கியூபாவின் ஒல்கின் நகரில் முடிதிருத்தும் ஒடாலிஸுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து எட்டு மாதமாகியும் கை தணலாய் எரிந்தது. மின்விசிறிக் காற்றுப் பட்டாலே அலறுவாள். ஆஸ்பத்திரியில், காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் உட்கார்ந்து, முகமூடி மாட்டி ஆக்சிஜன் இழுக்க இருபது நாள் வரச் சொன்னார்கள். பதினொரு நாள் போனாள், பலனில்லை.

பன்னிரண்டாம் நாள் மின்சாரம் போய்விட்டது. அன்று சிகிச்சை நடக்கவில்லை, அறைக் கதவு திறந்தே கிடந்தது. ஆறாத கால்புண்ணுக்காக அதே சிகிச்சைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவரிஸ்தோ, கோழி வாங்கும் வரிசை என்று நினைத்துத் தன் மாமியார் யாரோ ஒருவரின் சவ ஊர்வலத்தில் போய் நின்ற கதையைச் சொல்லிச் சிரித்து, அவள் இடது கையிலேயே தட்டிவிட்டார்.

"ஐயோ, மன்னிச்சுக்கோம்மா!"

"இருங்க... வலிக்கலையே! இன்னொரு தடவை தட்டுங்க."

"வேணாம்மா, பயமா இருக்கு."

மறுநாள் டாக்டரிடம் சொன்னாள்.

"பதினொரு நாள் சிகிச்சை இப்பத்தான் வேலை செஞ்சிருக்கும். எனக்கும் உறுதியாத் தெரியலை," என்றார் அவர்.

"அப்ப நான் உள்ள போகணுமா, வேணாமா?"

"போங்க."

"எவரிஸ்தோவும் வருவாரா?"

மிச்ச எட்டு நாளும் போனாள். இப்போது இடது கையால் சீப்புப் பிடிக்கிறாள். எப்படிச் சரியானது என்று கேட்பவர்களிடம் சில நாள் ஆக்சிஜன் என்கிறாள், சில நாள் எவரிஸ்தோ என்கிறாள். எதைச் சொன்னாலும் அவளுக்கே சந்தேகமாக இருக்கிறது.