கட்டிலோரத்துச் சின்ன ஜன்னல்

அபுதாபி முசஃபாவில் எங்கள் கராஜுக்கு வருவதெல்லாம் இடிபட்ட பிக்கப்பும் லேபர் கேம்ப் பஸ்ஸும்தான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒருநாள் அந்த மோட்டார் ஹோம் வந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த, உள்ளேயே குடியிருக்கிற மாதிரி வண்டி. ஒடுக்கெடுக்கும் டென்டர் வேலையில் பதினாறு வருஷம் தகரம் தட்டியவன் நான். அதைத் தொடக் கூச்சமாக இருந்தது. எங்கேயும் ஒரு கூர்மூலை கிடையாது. கூரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாது. உள்ளே மேஜையை இறக்கினால் கட்டில், கட்டிலைத் தூக்கினால் பெட்டி. சாப்பாட்டை மறந்து அதற்குள்ளேயே சுற்றினேன்.

ஃபோர்மேன் சாகுல் பாய் தொண்டிக்காரர். "முருகேசு, பொண்ணு பாத்தது போதும்ப்பா. வியாழக்கெழம டெலிவரி" என்றார்.

பின்கட்டிலை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு நீள ஜன்னல் இருந்தது. உட்கார்ந்தாலும் குனிந்துதான் பார்க்க வேண்டும். உதவாத ஜன்னலை அடைப்பது எங்கள் வழக்கம். மணல் வராது, ஏசி நிற்கும். கட்டட சைட்டில் எத்தனையோ கேபினுக்குச் செய்ததுதான். யாரையும் கேட்காமல் ஷீட் வைத்து ரிவெட் அடித்து, புட்டி பூசித் தேய்த்தேன். அடைத்த இடம் தெரியவில்லை என்று பெருமை வேறு.

புதன்கிழமை வண்டிக்கார அரபி வந்தார். சுவரைத் தடவிவிட்டு, "கிட்கி கிதர்?" என்றார். ஜன்னல் எங்கே என்கிறார்.

"மணல் வரும்னு மூடிட்டேன், அர்பாப்" என்று அரைகுறை இந்தியில் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். வண்டி அவர் தகப்பனார் வாங்கியது. இப்போது தகப்பனாரால் எழுந்து உட்கார முடியாது. கடைசியாக ஒருமுறை பாலைவனத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். படுத்தபடி பார்க்க அந்த ஒரு ஜன்னல்தான்.

அந்த வளைந்த கண்ணாடியை ஸ்கிராப்பில் போட்டு இரண்டு நாளாகிவிட்டது.

"புதுசு எங்கயும் கெடைக்காதுடா. ஓடு" என்றார் சாகுல் பாய்.

ஸ்கிராப் யார்டில் பழைய கதவுகளுக்கு அடியில், ரப்பர் பீடிங்கோடு உடையாமல் கிடந்தது. திரும்பி வந்து, நான் பெருமைப்பட்ட ஷீட்டை நானே வெட்டினேன்.

கண்ணாடியைப் பொருத்தியதும் சாகுல் பாய் வெளியே பைப்பில் தண்ணீர் அடித்தார். கசிவு பார்க்க நான் கட்டிலில் படுத்தேன். தண்ணீர் வழிந்து முடிந்ததும் சுவரே இல்லாமல் போயிற்று. தலையணையிலிருந்தே வானம் தொடங்கியது. கராஜ், கிரேன், கம்பிவேலி எல்லாம் கீழே எங்கோ நழுவிவிட்டன. கட்டில் மட்டும் மிதந்தது. ரூமில் நான் படுத்தால் தெரிவது மேல்கட்டிலின் பலகை. முகம் தெரியாத ஒருவன், படுத்திருப்பவனின் கண்ணுக்கு அளவெடுத்து இதைச் செய்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை பெரியவரைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். வெளியே நின்று கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்தேன். உள்ளிருந்து அவர் விரலை லேசாக அசைத்தார். கூப்பிடுகிறார் என்று இன்னும் கிட்டே போனேன். தள்ளி நிற்கச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. நான் வானத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

தள்ளி நின்றேன். அதற்குப் பிறகு, ஒரு தடவை படுத்துப் பார்க்காமல் எந்த ஜன்னலையும் நான் அடைத்ததில்லை.