பரஸ்தான அலமாரி

சங்குமுகம் கடற்கரையை ஒட்டி விமானங்கள் வந்திறங்கத் தொடங்கிய முதல் வருஷங்களில், அங்கே கட்டடம் என்று சொல்ல இருந்தது ஒரு ஓலைக் கொட்டகைதான். அதற்குக் காவலும் கவனிப்பும் கோமதிநாயகம் பிள்ளை. பூர்வீகம் திருநெல்வேலி, வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். வாரத்துக்கு ஒரு விமானம், வெள்ளிக்கிழமை. தபால் மூட்டைகளோடு ஒருவரோ இருவரோ ஏறுவார்கள். ஆளையும் பெட்டியையும் எடை மிஷினில் ஏற்றி இத்தனை ராத்தல் என்று சொல்வது அவர் வேலை. மிச்ச நாளெல்லாம் காற்றும் மணலும்தான். சும்மா இருக்கிற மனுஷனா அவர்? பயணிகளுக்கு ஏற்ற விமான நிலையம் எப்படி இருக்கவேண்டும் என்று கற்பனை செய்யத் தொடங்கினார்.

கற்பனை பிரமாதமாகத்தான் இருந்தது. மணல் போகக் கால் கழுவ ஒரு தொட்டி. கிளம்பும்போது தும்மியவனும் நிலையில் தலை இடித்துக்கொண்டவனும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட ஒரு மூலை. பூனை குறுக்கே ஓடாதபடி வேலி. ஆனால் அவரைப் பிடுங்கித் தின்ற கவலை வேறு. விமானம் புறப்படுவது சரியாக வெள்ளிக்கிழமை ராகு காலத்தில். அதுவும் மேற்கே கடலைப் பார்த்து எழும்பும். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். இந்த வேளையில் எந்தக் குடும்பஸ்தன் வீட்டை விட்டுக் கிளம்புவான்?

“விமானம் ராகு காலம் பாத்துண்டு நிக்குமா ஓய்?” என்று சிரித்தார் டிக்கெட் ஏஜென்ட் நாகேஸ்வரன். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர்.

“விமானம் நிக்காண்டாம் சாரே. ஆளு முன்னாடியே கிளம்பிரணும். பரஸ்தானம் வைக்க ஒரு அலமாரி போட்டா தீந்துது, அல்லே?”

நாகேஸ்வரன் சிரிப்பை நிறுத்தினார். பரஸ்தானம் அவருக்கும் தெரிந்ததுதான். புறப்படும் நாள் சரியில்லை என்றால், முன்பே ஒரு நல்ல வேளை பார்த்து, தன் துணி ஒன்றை மஞ்சளோடு முடிந்து வேறிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த வேளையில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஒன்றே ஒன்று, வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

அலமாரி வந்தது. சாலை வியாபாரிகள் பரம சந்தோஷத்தோடு மூட்டை கொண்டுவந்து வைத்தார்கள்.

பிள்ளையின் மனைவி சிவகாமியம்மாளும் வைத்தாள். மகள் பொன்னம்மைக்குப் பம்பாயில் தலைப்பிரசவம். ரயிலில் அலையக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளால் பிறந்த வீட்டுக்கு வரமுடியவில்லை. “நான் வந்து பக்கத்துல நிக்காம பெத்துராதட்டீ” என்று கல்யாணத்தன்றே மகளிடம் சொல்லிச் சிரித்தவள் இந்தத் தாய்க்காரி. பம்பாய் போகும் அந்த விமானத்தில் காலி இடம் பார்த்து அவளை ஏற்றிவிடுவதாக நாகேஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை நல்ல வேளையில் அரக்குச் சேலை ஒன்றை மஞ்சள் கிழங்கோடு முடிந்து அலமாரியில் வைத்தாள். விளையாட்டுக்கு எடை மிஷினிலும் ஏறி நின்றாள். தொண்ணூற்றிரண்டு ராத்தல்.

“இவ்வளவுதானா? உங்க விமானத்துக்கு நான் ஒரு பாரமா?” என்றாள்.

புதன்கிழமை அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நிறைமாதக்காரியிடம் சொல்லவேண்டாம் என்று பம்பாயில் செய்தியை மறைத்துவிட்டார்கள்.

பதினாறு கழிந்து பிள்ளை வேலைக்கு வந்தார். மூட்டை அலமாரியில் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றால் மனமில்லை. அது அங்கே இருக்கிறவரை அவளும் பக்கத்தில் எங்கோ இருப்பதாக அவருக்குப் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டகையைத் திறந்தபோது மூட்டை அலமாரியில் இல்லை. மைதானத்தைப் பார்த்துக் கிடந்த பெஞ்சில் இருந்தது. எலி இழுத்திருக்கும் என்று எடுத்து உள்ளே வைத்தார். அடுத்த வெள்ளியும் பெஞ்சில்தான். எலி பெஞ்சின்மேல் ஏற்றி வைக்குமா? முடிச்சு அவிழவில்லை. மஞ்சள் வாசனை அப்போதுதான் அரைத்ததுபோல வந்தது. பெஞ்ச் முழுக்க மணல் படிந்திருக்க, மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குப் பலகை சுத்தமாக இருந்தது. பூட்டு வாங்கிப் போட்டார். மூன்றாம் வெள்ளி, அலமாரி பூட்டியபடியே இருந்தது. மூட்டை பெஞ்சில் இருந்தது.

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. பயத்தைவிட வீம்பு பெரிதாக இருந்தது.

“நீ எங்கயும் போவாண்டாம். இங்கயே இரி” என்று பட்டப்பகலில் அந்த வெற்றுப் பலகையைப் பார்த்துச் சொன்னார். கொட்டகையில் வேறு யாருமில்லை. எடை மிஷினின் முள் லேசாக ஆடி நின்றது.

அடுத்த வியாழக்கிழமை மருமகனிடமிருந்து தந்தி வந்தது. பொன்னம்மைக்கு நோவு கண்டு இரண்டு நாளாகியும் குழந்தை பிறக்கவில்லை, டாக்டர் கைவிரிக்கிறார், அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பிள்ளை தந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்னவளை இங்கே பூட்டி வைத்திருப்பது யார்? தான்தான். பெற்ற மகளையும் பறிகொடுக்கப் போகிறோம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை விமானம் வந்து நின்றது. ஏறப் பயணி யாருமில்லை. பெஞ்சில் இருந்த மூட்டையை எடுத்துக்கொண்டு நாகேஸ்வரனிடம் வந்தார்.

“சாரே, இது எம் மவகிட்ட போய்ச் சேரணும்.”

“சட்டுனு எடை போடும் ஓய். பைலட் நிக்க மாட்டான்.”

மூட்டையை மிஷினில் வைத்தார். முள் ஓடியது. ஓடித் தொண்ணூற்றிரண்டில் நின்றது.

நாகேஸ்வரன் மிஷினைத் தட்டிப் பார்த்தார். மூட்டையைக் கையில் தூக்கினார். ஒரு சேலையின் கனம்தான். மிஷினில் இப்போது ஒன்றுமில்லை. முள் மட்டும் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது.

“நாயகம்... என்ன ஓய் இது?” என்றார்.

பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவள் விடைகேட்டு நிற்கிறாள். புறப்படுகிறவர்களிடம் ‘போயிட்டு வா’ என்பதுதான் வழக்கம். இறந்தவர்களிடம் மட்டும் அந்த ‘வா’வைச் சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடுவார்கள். வரட்டுமே என்றிருந்தது அவருக்கு. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெளியே எஞ்சின் முழங்கியது.

“போ, சிவகாமி” என்றார். “பிள்ள காத்துக்கிட்டிருக்கா. போ.”

முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது.

மூட்டையைக் காலி இருக்கையில் வைத்துக்கொண்டு விமானம் கடலைப் பார்த்து எழும்பி வடக்கே திரும்பியது. அது பம்பாயில் இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பொன்னம்மைக்குப் பெண் குழந்தை பிறந்ததென்று தந்தி வந்தது. தாயும் சேயும் சுகம். அன்றைக்குப் பிறகு அந்தப் பெஞ்ச் முழுக்க ஒரே சீராக மணல் படிந்தது.

சில வருஷம் கழித்து, நல்ல கட்டடமாகக் கட்டலாம் என்று ஒரு என்ஜினீயர் பார்வையிட வந்தார். பயணிகளுக்கு என்னென்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டார். தொட்டி, வேலி, அலமாரி என்று மணிக்கணக்கில் பேசக்கூடிய மனுஷன், எடை மிஷின் பக்கம் போய் நின்றார்.

“போறவங்களுக்கு வேண்டியத நீங்களே பாத்துச் செய்யுங்க சாரே. இந்த மிஷின் பக்கத்துல ஒரு நாற்காலி மட்டும் போட்டுருங்க. வழியனுப்ப வந்தவனுக்கு நிக்க முடியாது.”