மூன்றாவது வரியில் வைத்த விரல்

ஐம்பதைத் தாண்டிய வயதில் பரீட்சையில் களவு செய்து அகப்பட்டவன் நான். இதை எழுதும்போதே காது சூடாகிறது. பரீட்சை என் மகள் மயூரியுடையது. என்னைப் பிடித்துக் கொடுத்தவளும் அவளே. களவு நடந்த இடம் கனடாவில், ரொறன்ரோவின் ஓரத்து மில்லிக்கனில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நடந்த நேரத்தில் என் இடக்கையில் ஒரு கோப்பை பால்தேத்தண்ணி இருந்தது; வலக்கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கைதான் வினையாகிப்போனது.

அன்று சனிக்கிழமை. மேசையில் கிடந்த விளம்பரத் தாள்களையும் ஊறுகாய்ப் போத்தலையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மயூரி கடதாசிகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. எக்ஸாம்" என்றாள்.

"இஞ்சயோ? ஆர் மேற்பார்வை?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப கமெரா இருக்கோ?"

"இல்லை."

"உந்தப் புத்தகம் பக்கத்திலயே கிடக்குது?"

"கிடக்கட்டும். நான் திறக்க மாட்டன்."

"ஏன் பிள்ளை?"

சோபாவை ஏன் தின்னவில்லை என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "ஐ சைன்ட் இற், அப்பா."

அவள் படிப்பது நகரின் நடுவில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரி. அங்கே பரீட்சை நடக்கும்போது பேராசிரியர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவாராம். சில பரீட்சைகளை வீட்டுக்கே கொண்டுவரலாம். விடைத்தாளின் தலைப்பில், எவருக்கும் உதவவில்லை, எவரிடமும் உதவி பெறவில்லை என்று மாணவர் தன் கைப்பட எழுதிக் கையொப்பம் இடவேண்டும். அவ்வளவுதான் காவல். யாராவது அதை மீறினால் விசாரிப்பது மாணவர்களே தேர்ந்தெடுத்த ஒரு சபை. ஹொனர் கவுன்சில் என்று பெயர். பேராசிரியருக்கு அந்த அறைக்குள் நாற்காலிகூடக் கிடையாது. ஒருவன் பிறர் கண்ணில் படாமல் தவறு செய்தால் தானே போய்ச் சொல்லுவான் என்பதுதான் ஏற்பாட்டின் அத்திவாரம். இதை மயூரி முதன்முறை சொன்னபோது நானும் என் மனைவி சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கட்டணம் கட்டி ஏமாந்துவிட்டோமோ என்ற பார்வை அது.

எங்கள் ஊர்ப் பரீட்சை மண்டபத்தை அறிந்தவர்களுக்கு என் கலக்கம் விளங்கும். மேசைக்கும் மேசைக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டி போகலாம். மேற்பார்வையாளர் சத்தம் எழாத செருப்போடு பின்னால் வந்து நின்று கழுத்தில் மூச்சு விடுவார். சிறுநீர் கழிக்கப் போனால் கூடவே ஒரு ஆள் வருவார். வாசலில் நின்று சத்தத்தை வைத்து உறுதிப்படுத்துவார். யுத்த காலத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியபோது எங்களுக்கு ஒரு விசேட அறிவுறுத்தல் தந்தார்கள். ஷெல் விழுந்தால் மேசைக்குக் கீழே போகலாம், ஆனால் பக்கத்து மேசையைப் பார்க்கக் கூடாது. அப்படியே செய்தோம். மேசைக்குக் கீழே குந்தியிருந்தபோதும் எங்களைப் பார்க்க ஒருவர் குந்தியிருந்தார். காவல் இல்லாத நேர்மையை நான் கண்டதில்லை. காணாததை நம்பாதவன் என்று என்னை நானே மெச்சிக்கொள்வதும் உண்டு.

பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு டியூட்டறியில் கணிதம் படிப்பித்தேன். இங்கே வந்தபின் மார்க்கம் நகரில் கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் லொறிகளுக்கு வழி சொல்லும் வேலை. அதற்குக் கணிதம் தேவைப்படுவதில்லை. பொறுமையும் கெட்ட வார்த்தைகளும் போதும்.

ஆகவே அன்று தேத்தண்ணியோடு போனேன். படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஏதாவது கொண்டுபோய் வைக்காமல் இருப்பது எங்களால் முடிகிற காரியமா? ஒருத்தரும் வரக்கூடாது என்றால் அதில் தேத்தண்ணி அடங்காது என்றே நினைத்தேன். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். கண் ஒருமுறை தாளில் விழுந்தது. மூன்றாவது வரியில் கழித்தல் அடையாளம் கூட்டலாக மாறிப்போயிருந்தது. கீழே ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு அந்தப் பிழையின் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. விரல் போனது. மூன்றாவது வரியில் போய் நின்று, இரண்டு முறை தட்டியது.

மயூரி பேனையை வைத்தாள். "அப்பா!"

கனடாவுக்கு வந்தபின் என் கணிதம் ஒருவருக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை எழுதி முடித்தாள். தேத்தண்ணியில் ஆடை படிந்தது. மாலையில் வந்து, "நான் கவுன்சிலுக்கு ஈமெயில் போட்டிட்டன்" என்றாள்.

"எதுக்கு? அந்தக் கேள்வியைத்தான் நீ திருத்தவே இல்லையே!"

"ஆனா எங்க பிழை எண்டு எனக்குத் தெரியும்தானே."

"உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"எக்ஸாக்ட்லி" என்றாள். என் பக்கத்து வாதம் என்று நான் நினைத்திருந்ததை அவள் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் வந்த பதிலில், சம்பந்தப்பட்ட தந்தை விரும்பினால் வந்து பேசலாம் என்று இருந்தது. சுகந்தி அதை வாசித்துவிட்டு, "விரும்பினால் எண்டுதானே கிடக்கு. பேசாம இருங்கோ. உங்கட விரல் செய்தது காணும்" என்றாள்.

மயூரி ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். பரீட்சைக் களவு என்று ஒரு குறிப்பு அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டால் எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்க்கும்? படுத்தால் அந்த விரல்தான் கண்ணுக்குள் வந்தது. பக்கத்து வீதி ரத்தினம் அண்ணையிடம் போனேன். எங்களில் பலர் அகதி விசாரணைக்குப் போகுமுன் அவரைத்தான் கேட்டுவிட்டுப் போவோம். உண்மையைக்கூட ஒழுங்காக அடுக்கிச் சொல்லவேண்டும் என்பது அவருடைய கட்சி.

கதையைக் கேட்டவர், "எழுத்தில ஏதும் இருக்கோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

"வேற ஆரும் கண்டதோ?"

"இல்லை."

"பிறகென்ன? நடக்கேல்லை. தேத்தண்ணியை வைச்சனான், வந்திட்டன். பிள்ளை படிச்சுப் படிச்சுக் களைச்சுப்போனாள், ஏதோ நினைச்சிட்டாள். இவ்வளவும்தான். கூடக் கதைக்காதையும். நீர் கூடக் கதைச்சால் கெடுப்பீர்."

விசாரணை நாளன்று, என் அகதி விசாரணைக்கென்று வாங்கிய கழுத்துப்பட்டியைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். காரில் மயூரி அதைப் பார்த்தாள். "அப்பா, இற்ஸ் நொட் எ கோர்ட்." நான் ரத்தினம் அண்ணையின் வசனங்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீதிமன்றம் அல்லத்தான். பழைய சோபாக்கள், ஒரு நீள மேசை, ஐந்து பிள்ளைகள். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் நான் கோப்பை கழுவச் சொல்லியிருக்கக்கூடிய வயது. தலைவி ஹானா என்ற பெண். மடியில் மஞ்சள் கம்பளிநூல் உருண்டை. பேசிக்கொண்டே ஒரு கழுத்துச் சால்வை பின்னிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு நாற்காலியில் மயூரி. என்னை இருக்கச் சொன்னார்கள். சத்தியம் செய்ய எந்தப் புத்தகத்தில் கை வைக்கவேண்டும் என்று கேட்டேன். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உங்களுக்குப் புத்தகம் தேவையா, நூலகம் கீழேதான் இருக்கிறது, எதை எடுத்துவரட்டும் என்று ஒரு பையன் உண்மையாகவே எழும்பினான். வேண்டாம் என்றேன். "உங்கள் வார்த்தை போதும்" என்றாள் ஹானா.

என் வார்த்தை எங்கேயும் போதுமானதாக இருந்தது கிடையாது. ஊரில் சோதனைச் சாவடியில் என் பெயரைச் சொன்னாலே இன்னொரு முறை கேட்பார்கள், அது மாறுகிறதா என்று பார்க்க. இங்கே அகதி விசாரணையில் நான் சொன்னது முழுவதும் உண்மை. ஆனாலும் ஊரில் எங்களைப் பிடித்து ஏற்றிச் சென்ற பஸ் என்ன நிறம் என்று கேட்டார்கள். குப்புறக் கிடந்தவனுக்கு பஸ்ஸின் நிறம் எங்கே தெரியும்? நீலம் என்றேன். கடைசியில் என்னை ஏற்றுக்கொண்டார்கள். நம்பினார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அறையில், ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல், நான் பொய் சொன்னேன். தேத்தண்ணியை வைத்தேன், வந்துவிட்டேன், தாளைப் பார்க்கவே இல்லை, பிள்ளை களைத்துப்போயிருந்தாள். மயூரி மேசையைப் பார்த்தாள். ஹானாவின் ஊசிகள் நின்றன. குறுக்குக் கேள்வி வரும், நிறம் கேட்பார்கள், கோப்பையின் நிறத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன். ஹானா மெதுவாக, "இதை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றாள். வெளியே சற்று இருக்கலாம் என்றார்கள்.

நம்பிவிட்டார்கள்! ஒரு பொய்யை, முதல் தடவையிலேயே, நன்றியும் சொல்லி. உண்மைக்கு எனக்குக் கிடைக்காத மரியாதை. நடைவழியில் நின்று கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன். வாசலில் மடிக்கணினியோடு காவல் இருந்த மாணவனிடம், வெற்றி பெற்றவனின் தாராளத்தோடு, பிழை செய்தவர்களை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

தானாக வந்து சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை, அந்தப் பகுதியைத் திரும்ப எழுதவேண்டும் என்றான். "ஆனால் கவுன்சிலிடம் பொய் சொன்னால் கல்லூரியை விட்டுப் போகவேண்டியதுதான். அந்த ஒன்றை மட்டும் நாங்கள் மன்னிப்பதில்லை."

கணிதம் படிப்பித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நடந்தது என்கிறாள் மகள். நடக்கவில்லை என்கிறான் தகப்பன். இரண்டில் ஒன்று பொய். என்னை நம்பிவிட்டார்கள். அப்படியானால்? பெயரோடு ஒரு குறிப்பு ஒட்டாமல் காப்பாற்றப் போய், பிள்ளையைக் கல்லூரியிலிருந்தே அனுப்பிவைக்க வழி செய்துவிட்டேன்.

இயந்திரத்தில் ஒரு கோப்பி எடுத்தேன், குடிக்கவில்லை. சன்னலுக்குப் போனேன். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. ரத்தினம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன், அவர் கழுவும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று "என்ன? என்ன?" என்று கத்தினார், வைத்துவிட்டேன். உள்ளே போய்ச் சொன்னால் நான் பொய்யன். சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி. கதவு வரை போனேன், கழிவறை வரை திரும்பினேன். பிறகு கதவைத் தட்டினேன்.

எவரும் எழும்பியிருக்கவில்லை. ஐவரும் மயூரியும் ஒரு கிழங்குப் பொரியல் பையை நடுவில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் உட்காரவில்லை. "முன்பு சொன்னது பொய்" என்றேன். நெடுநாள் பழகிய ஆங்கிலம் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. ஆகவே மேசைக்குக் கிட்டப் போய், இல்லாத தாளில், இல்லாத மூன்றாவது வரியில் விரலை வைத்து இரண்டு முறை தட்டிக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று, முன்பு புத்தகம் எடுக்க எழும்பிய பையன் கேட்டான். குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "பிழை இருந்தது" என்றேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஹானா தலையாட்டினாள். ஊசிகள் மறுபடி ஓடத் தொடங்கின. இந்த முறை நன்றி சொல்லவில்லை.

தீர்ப்பு உடனேயே வந்தது. அந்தக் கேள்வி நீக்கப்படும், மயூரி வேறொரு கேள்வி எழுதவேண்டும், அவள் பெயரில் ஒரு குறிப்பும் இருக்காது. ஒரேயொரு நிபந்தனை: இனி வீட்டுக்குக் கொண்டுபோகும் பரீட்சைகளை அவள் கல்லூரி நூலகத்திலேயே எழுதவேண்டும். மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசை, எவரும் காவல் காக்கத் தேவையில்லாத இந்த ஊரில், பரீட்சைக்கு ஆகாத இடமாக அறிவிக்கப்பட்டது.

வீட்டுக்குத் திரும்பினோம். ஸ்ரீல்ஸ் வீதிச் சந்தியில் இடப்பக்கம் திரும்புவதற்காக நடுவுக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரே வாகனங்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. அந்த வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். நடுவில் நிற்பவன் எந்த நகரத்தின் ஆள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. காரின் சிக்னல் மட்டும் ரிக் ரிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் என்னை முதல் சொல்லிலேயே நம்பியவர்கள் அந்த ஐந்து பிள்ளைகள்தான், அந்த நம்பிக்கையையும் நானே போய் உடைத்துவிட்டு வந்தேன் என்று, கொஞ்சம் துக்கத்தோடும் கொஞ்சம் பெருமையோடும், மகளிடம் சொன்னேன்.

"அவை நம்பேல்லை, அப்பா" என்றாள் மயூரி. "நீங்கள் முதல்ல நடக்கேல்லை எண்டுதான் சொல்லுவீங்கள், பிறகு வெளியில போய் யோசிச்சுப்போட்டுத் திரும்பி வருவீங்கள், அதுமட்டும் வெயிற் பண்ணுங்கோ எண்டு நான் முதலே சொல்லிப்போட்டன்."

எதிர்வரிசை ஓய்ந்தது. நான் காரைத் திருப்பினேன்.

"ஆனா ஐஞ்சு நிமிஷம் எண்டுதான் சொன்னனான். உங்களால ஹானாவுக்கு அடுத்த கிளாஸ் மிஸ்."