கரிசலில் நின்றுபோன செருப்பு

என் வீட்டுக்காரர் குடிக்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு வாஷ்பேசின் முன்னால்தான் வந்தது. காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்வார். சட்டென்று குழாயைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் தரை வழுக்குகிறது என்பார். தரையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அவருக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே பெருத்த உடம்பு. சர்க்கரை வேறு. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைத்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது, சர்க்கரையும் அடங்கியது. வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் எங்களை உட்காரவைத்து இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். சாப்பாட்டில் இருக்கும் சத்து இனி முன்போல உடம்பில் சேராது, அதனால் இரும்பு, கால்சியம், வைட்டமின் மாத்திரைகளை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது, ரத்தத்தையும் தவறாமல் சோதித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மது பக்கமே போகக் கூடாது. இந்த வயிற்றில் கொஞ்சம் விழுந்தாலும் உடனே தலைக்கு ஏறிவிடும் என்றார்.

மாத்திரையை ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதாக அவர் சொன்னார். மாதம் தவறாமல் மருந்துக்கடையில் வாங்கவும் செய்தார். ரத்தச் சோதனைக்கு மட்டும், தீபாவளி ஆர்டர் முடியட்டும், கல்யாண சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்.

நான் பேங்கில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் அவருடைய செக் ஒன்று, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று என் மேஜைக்கே வந்தது. முன்பெல்லாம் அச்சடித்த மாதிரி போடுவார். இது நடுங்கிக் கோணியிருந்தது. அன்று சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வியர்வையும் தீக்குச்சி மருந்தும்தான் மணத்தது. அதற்குப் பிறகும் விடாமல் மோந்து பார்த்தேன். வாசனை வராத சரக்கு ஏதோ குடிக்கிறார் என்றுதான் என் புத்தி போனதே தவிர, குடிக்கவில்லை என்று போகவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். சொன்னதை மறந்தார். எல்லாம் என் சந்தேகத்துக்குத் தோதாகவே இருந்தது.

எப்போதும்வென்றான் கிராமத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் கோவிலுக்குப் போகும் பாதை முழுக்கக் கரிசல் களியாகக் கிடந்தது. எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அவர் மட்டும் போட்டபடியே நடந்தார். பாதி வழியில் இடது செருப்பு மண்ணில் ஒட்டி அங்கேயே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் கோவில் வாசல்வரை போய்விட்டார். பின்னால் வந்த பிள்ளைகள் சிரித்தபோதுதான் குனிந்து பார்த்தார்.

அவருடைய தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணன் நடையே சரியில்ல மதினி. எங்கயும் போயி குடிக்காவளோ?”

எனக்கு முகமே செத்துப்போனது. நான் மட்டும் சுமந்த சந்தேகம் ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று பட்டது.

வீட்டுக்கு வந்து அவர் அசந்து தூங்கியதும் கார்ச் சாவியை எடுத்தேன். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன், ஒன்றும் இல்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பாட்டில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பையைக் கவிழ்த்தால் அட்டை அட்டையாக மாத்திரைகள் விழுந்தன. இரும்பு, கால்சியம், வைட்டமின். மாதாமாதம் வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை.

பையோடு போய்க் கட்டிலில் கொட்டினேன். சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

“சத்து மாத்திர தின்னா பசிக்கும். பசிச்சா திங்கணும். தின்னா பழைய உடம்பு வந்துரும். அதுக்கா வயித்த அறுத்தேன்?” என்றார்.

“பெறவு முழுங்குனேன்னு ஏன் சொன்னீங்க?”

“சொல்லலன்னா நீ விடுவியா? நீ சட்டைய மோந்து பாக்கது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

என் சந்தேகம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அந்த மாத்திரைகள்மேல் இருந்த சந்தேகம்தான் எனக்குத் தெரியாமல் போனது. பாதம் மரத்துப்போய் மாதக்கணக்காகிறது, பஞ்சில் நடப்பது போலிருக்கிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார். சொன்னால் நான் மதுரைக்கு இழுத்துப்போய்விடுவேன் என்று மறைத்திருக்கிறார்.

மறுநாளே இழுத்துத்தான் போனேன். டாக்டர் அவரைக் காலைச் சேர்த்துவைத்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதுமே என்மேல் சாய்ந்தார். பாதத்தில் ஊசியால் குத்தினால் குத்துவதே தெரியவில்லை. ரத்தத்தில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது, இரும்பும் இல்லை. பி12 இல்லாமல் நரம்பு கெட்டுவிட்டது, கண் பார்த்துத்தான் கால் நிற்கிறது, கண்ணை மூடினால் உடம்புக்கு நிலை தெரியாது என்று விளக்கினார். இன்னும் தாமதித்திருந்தால் சக்கர நாற்காலியோடு முடிந்திருக்கும் என்றும் சொன்னார். மாத்திரையால் சதை போடாது என்று டாக்டர் சொன்னதை இவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. ஆனால் குத்தியும் உணராத பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் மாதம் ஒன்று, அது எப்போதைக்கும். நடை தெளிய ஆறேழு மாதம் பிடித்தது. கையெழுத்து திரும்பிவிட்டது, காரும் ஓட்டுகிறார். இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. அதில் உணர்ச்சி இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது மாத்திரையை என் எதிரில்தான் விழுங்குகிறார். விழுங்கியதும் நாக்கை நீட்டச் சொல்கிறேன். முறைத்துக்கொண்டே நீட்டுகிறார். அப்புறம் நேரே போய் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்கிறார்.