பஸ்ஸின் மீது போட்ட பழி

கடத்தூரில் ரத்த மாதிரி எடுக்கும் மையத்தில் வேலை செய்கிறேன். எடுத்த ரத்தம் பஸ்ஸில் தர்மபுரி லேபுக்குப் போகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து முடித்திருந்த மாதம்மாள் அக்காவுக்கு டாக்டர் எல்.டி.ஹெச். சோதனை எழுதியிருந்தார். கட்டி வளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி அது. வழியில் குலுங்கி ரத்த அணுக்கள் உடைந்தாலும் ஏறும். அவருக்கு ஏறியிருந்தது.

“பஸ்ல குலுங்குனதால ரத்தம் உடைஞ்சிருக்குங்கக்கா. இதை டாக்டர்கிட்ட கொண்டுபோக வேண்டாம், அடுத்த மாசம் மறுபடி எடுத்துக்கலாம்” என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். லேபுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. இரண்டு முறையும் அவர் நிம்மதியாக வீடு திரும்பினார்.

மூன்றாம் முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரத்த டியூபை நானே மடியில் வைத்து தர்மபுரிக்குக் கொண்டுபோனேன். எண் இரண்டு மடங்காகியிருந்தது.

“முன்னாடி அனுப்புனதும் உடையலீங்களே. உடைஞ்சிருந்தா, ரத்தம் உறைஞ்சதும் மேல நிக்கிற தண்ணி சிவந்திருக்கும், நாங்க எழுதி அனுப்பியிருப்போம்” என்றார் லேப்காரர்.

நோய் எலும்புவரை பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் மகள் என் கையைப் பிடித்து அழுதாள். “அந்தப் பஸ்ஸு குலுங்காம இருந்திருந்தா மொதல்லயே தெரிஞ்சிருக்குமேங்க.”

அவர்கள் இன்றும் அந்தப் பஸ்ஸைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும் என்று நானும் இருக்கிறேன்.