பட்டாளத்துக்காரர் போட்ட திருத்தம்

திருச்சுழி நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் துப்பறியும் நாவல்களாகவே எடுத்துப் போவார். ஒட்ட வெட்டிய நரைமுடி, விறைத்த முதுகு. துப்பாக்கியைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்திவிடுவார். நான் ரப்பரால் அழிப்பேன்.

ஒரு நாவலில், போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய், தன் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய தம்பியைச் சுடுகிறான். அந்தப் பக்கத்தில், "தவறு. சுட மாட்டான்" என்றிருந்தது.

"ஏண்ணே, சுட மாட்டானா?" என்று கேட்டேன்.

"சுட்டுட்டா சோறு யாரு போடுவா சார்? தம்பி வீட்டுலதான திங்கிறான்."

மணியைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார். பிந்திப் போனால் தம்பி பெண்டாட்டி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாளாம்.

அந்த ஒரு திருத்தத்தை நான் அழிக்கவில்லை.