ஏரிக்கரையில் மஞ்சள் கோடு

அவர் பஸ் ஓட்டுநர். அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்கும் நாள் முழுக்க நின்றே இருப்பவளுக்கும் டாக்டர் ஒரே மருந்தைத்தான் சொன்னார்: நடங்கள். மகன் ஆளுக்கொரு நடை அளக்கும் பட்டை வாங்கி மணிக்கட்டில் கட்டிவிட்டான். நடந்த தூரம் போனில் கோடாக வளரும். அவருக்கு நீலம், அவளுக்கு மஞ்சள். இருவர் போனிலும் இரண்டு கோடுகளும் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் ஏட்டிக்குப் போட்டிதான். ஒருநாள் அவர் பட்டையைக் கழற்றி கியர் கம்பியில் மாட்டிவிட்டு வண்டி ஓட்டினார். குலுங்கிய குலுங்கலில் நீலக் கோடு எகிறிவிட்டது. இரவு தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "பஸ் நடந்ததெல்லாம் உங்க கணக்குல சேராது."

போன குளிர்காலத்தில் ஒருநாள், வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் ஆட்கள் கை நீட்டி நிற்கும் நிறுத்தங்களைப் பார்க்காமலே தாண்டிப் போனார். பணிமனை அதிகாரி கூப்பிட்டுத் திட்டவில்லை, கட்டாய விடுப்பு கொடுத்தார். ஓட்டுநரின் அக்கா பெட்டி கட்டினார். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாலு படி ஏறினாலே கைப்பிடியைத் தேடும் முழங்கால். தம்பியை ஓர் ஏரிக்கரை விடுதிக்கு அழைத்துப் போனார். சீசன் முடிந்துபோன ஊர். கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

அங்கேயும் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா கெஞ்சினார், அதட்டினார். எதுவும் எடுபடவில்லை.

அப்புறம் ஒரு காலை, தலைமாட்டில் போன் அதிர்ந்தது. 'உங்கள் மனைவி இன்று நடக்கத் தொடங்கிவிட்டார்' என்றிருந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். திறந்து பார்த்தார். மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த இடத்தில் மஞ்சள் கோடு நகம் அளவுக்கு முளைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் வளர்ந்தது. யாரிடமும் சொல்லாமல் பட்டையைக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஏரியைச் சுற்றி மண்பாதை. பனி தண்ணீரிலிருந்து எழுந்து பாதைமேல் படுத்திருந்தது. நின்று போனைப் பார்த்தால் மஞ்சள் முன்னால் இருந்தது. எட்டிப் போட்டு நடந்தால் நீலம் நெருங்கும், மறுபடி மஞ்சள் நழுவும். அன்றிலிருந்து காலையும் மாலையும் நடந்தார். அவளிடம் பேசிக்கொண்டே நடந்தார். படகுத்துறையைத் தாண்டும் வளைவில், பின்னால் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. நின்று நின்று கால் வீங்கிய அவள், இடது காலை அப்படித்தான் இழுத்து நடப்பாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று பயம்.

விடுதிக்குத் திரும்பி வயிறாரச் சாப்பிட்டார். தம்பி முகம் தெளிந்திருக்கிறது என்று அவர் மகனுக்கு அக்கா போனில் சொன்னதும் அவர் காதில் விழுந்தது.

ஒரு முற்பகலில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பின்வாசல் வழியாக அடித்துப் பிடித்து ஓடி வந்தார். நீண்ட வராந்தாவில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அக்கா நடந்துகொண்டிருந்தார். கோடி வரை போய்த் திரும்பினார். ஸ்வெட்டர் கை மேலேறிய இடத்தில் ஒரு பட்டை. அதன் ஓரம் இஸ்திரிப் பெட்டி சுட்டுக் கருகியிருந்தது.

"அதக் கழட்டு," என்றார் அவர்.

அக்கா நின்றார். "நீ எந்திரிக்கவே மாட்டேன்னுட்ட. அலமாரியில அவ போனும் பட்டையும் கெடந்துச்சு. சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்தேன். ஒரே ஒரு நாள்னுதான் நெனச்சேன். நீ செருப்ப மாட்டிட்டு வெளிய போன. அதுக்கப்புறம் நிறுத்தறதுக்குப் பயமாயிருச்சுடா."

"அவதான்னு நெனச்சேன்க்கா."

"தெரியும்."

அவர் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தார். அவள் மறுபடி ஒருமுறை போய்விட்டதுபோல் இருந்தது. இம்முறை அழுகையும் வந்தது. வெகுநேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார்: "படகுத்துறைகிட்ட செருப்பு இழுக்குற சத்தம். அதுவும் நீதானா?"

அக்கா அவரையே பார்த்தார். "நான் இந்த வராந்தாவத் தாண்டவே இல்லடா."

அன்று அவர் அக்காவோடு சாப்பிட உட்காரவில்லை. ஆனால் சாயங்காலம், அக்கா வெந்நீர் வாளியில் கால் விட்டு உட்கார்ந்திருந்ததையும், இரண்டு முழங்காலும் உப்பிக் கிடந்ததையும் கதவிடுக்கில் பார்த்தார். திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மருந்துக் கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்து, பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கிளம்பும் நாளன்று மழை விட்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஏரிப்பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று அவர் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்று அக்கா குடையை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். இருவர் கையிலும் பட்டை இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா கேட்டார்: "அவகிட்ட என்னதான்டா பேசிட்டுப் போவ?"

அவர் யோசித்தார். "கொளாய் ஒழுகுறத சரி பண்ணிட்டேன்னு சொன்னேன். பீரோ சாவி எங்கன்னு கேட்டேன்."

"சொன்னாளா?"

"இல்ல."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, நின்று மூச்சு வாங்கினார். "கொஞ்சம் மெதுவாப் போயேன். என்னால முடியல."

அவர் மெதுவானார். படகுத்துறை வளைவு வந்தது. பாதை அங்கே குறுகலாக இருந்தது. அவர் அக்காவை மேட்டுப் பக்கம் விட்டு, தான் ஓரமாக ஒதுங்கி, இருவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற இடம் விட்டு நடந்தார். அக்கா அதைக் கவனித்தார். கிட்டே வா என்று கூப்பிடவில்லை.